துளையும் அடைப்பும்: இழைமணி மருந்துகளை வாசித்தல்

'மருந்து' என்ற சொல்லைத் தமிழில் யாரும் ஒரே பொருளில் புழங்குவதில்லை. "அவ மருந்து குடிச்சிட்டா" என்று ஊரில் ஒரு குரல் வந்தால் கேட்டவர்கள் வண்டி பிடிக்க ஓடுவார்களே தவிர, உடம்பு தேவலையா என்று விசாரிக்க மாட்டார்கள். "மருந்து வச்சுட்டாங்க" என்றால் வசியம். பட்டாசுக்குள் திணிப்பதும் மருந்து, வயலில் அடிப்பதும் மருந்து. 1968இல் தெரிதா, பிளேட்டோவின் கிரேக்கத்துக்குள் புகுந்து 'பார்மகான்' என்ற சொல் நஞ்சாகவும் நஞ்சுமுறிவாகவும் ஒருசேர இருப்பதை எடுத்துக்காட்டியதைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியாகிவிட்டது. நானும் எழுதியிருக்கிறேன். வியப்பதற்கு அத்தனை தூரம் போயிருக்க வேண்டியதில்லை என்பது ஒருபக்கம். இன்னொரு பக்கம், 'இரட்டைப் பொருள்' என்று சொல்லிவிட்டு அதோடு எழுந்துபோய்விடுகிற நம் பழக்கம் இப்போது எனக்கு உறுத்துகிறது. ஒரு பொருள் எதன்மேல் பட்டு நஞ்சாகிறது, எதன்மேல் பட்டு மருந்தாகிறது? அந்த 'எதன்மேல்' என்பதை யார், எப்படி அறிகிறார்கள்? இந்தக் கேள்வியோடு செல்லின் உள்ளே இருக்கும் ஒரு சவ்வுக்குப் போகலாம் என்று பார்க்கிறேன்.

டைநைட்ரோபீனால் என்றொரு மஞ்சள் பொடி இருக்கிறது. மருந்துக்கு நாம் தரும் பொருள்கள் எல்லாம் இந்த ஒரு பொடியில் வரிசையாக நடந்தேறியிருக்கின்றன. முதல் உலக யுத்தத்தின்போது பிரான்சின் ஆயுதத் தொழிற்சாலைகளில் இதை வெடிமருந்துக் கலவையில் சேர்த்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது, உடம்பு காந்தியது, எடை குறைந்தது, சிலர் செத்தும் போனார்கள். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் விண்ட்சர் கட்டிங், மாரிஸ் டெயின்டர் என்ற ஆய்வாளர்கள் இதே பொடியைப் பருமனைக் குறைக்கும் மாத்திரையாக முன்வைத்தார்கள். அடுத்த வருஷத்துக்குள் குறைந்தது ஒரு லட்சம் அமெரிக்கர்கள் இதை விழுங்கியிருப்பார்கள் என்பது டெயின்டரே போட்ட கணக்கு. உடம்பு இளைத்தது நிஜம். கண்ணில் புரை விழுந்ததும் நிஜம். சிலருக்கு உடல் வெப்பம் ஏறி ஏறி, இறக்க வழியில்லாமல், உயிர் போனது. 1938இல் அமெரிக்காவில் உணவு மருந்துச் சட்டம் வந்தபின் மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று ஒதுக்கினார்கள். இதே பொடி களைக்கொல்லியாகவும் பூச்சிமருந்தாகவும் வேலை பார்த்திருக்கிறது. இன்றும் உடம்பு முறுக்கேற்றுகிறவர்களிடம் திருட்டுத்தனமாக விற்கிறார்கள். பிரிட்டனில் 2023இல் இதை விஷப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது.

வெடிமருந்து, இளைக்கும் மருந்து, பூச்சிமருந்து. மூன்றுக்கும் பொடி ஒன்று. பின்னிரண்டில் அது செய்யும் வேலையும் ஒன்று. வேலை நடக்கிற இடம் இழைமணி.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தமிழில் இழைமணி என்று ஒரு பெயர் உண்டு. 1898இல் கார்ல் பெண்டா வைத்த கிரேக்கப் பெயரை (இழை, குருணை) அப்படியே பிரித்துக் கோத்த மொழிபெயர்ப்பு. கலைச்சொல்லாக்கத்தில் நமக்கு அபூர்வமாகக் கைகூடுகிற அழகு அது. அழகைக் கெடுப்பது பள்ளிக்கூடம். 'செல்லின் ஆற்றல் நிலையம் எது?' என்ற ஒரு மார்க் கேள்வியில் இழைமணியை அடைத்துவிடுகிறோம். இந்த உருவகத்தைப் பரப்பியது 1957இல் ஃபிலிப் சீக்கவிட்ஸ் எழுதிய பிரசித்தமான கட்டுரை. உருவகம் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆற்றல் நிலையம் என்றதும் கண்ணுக்கு எந்திரம் தெரிகிறது, புகைபோக்கி தெரிகிறது, சுவர் தெரிவதில்லை. இழைமணியில் விஷயமே சுவர்தான்.

இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வு ஓட்டைகள் நிறைந்தது, சிறு மூலக்கூறுகள் வந்து போகலாம். உட்சவ்வு அப்படியில்லை. அதில் பதிந்திருக்கும் புரதங்கள், நாம் சாப்பிட்டதிலிருந்து வரும் எலக்ட்ரான்களைக் கைமாற்றிக்கொண்டே புரோட்டான்களை உள்ளிருந்து வெளியே தள்ளுகின்றன. தள்ளிய புரோட்டான்கள் திரும்பி உள்ளே வரத் துடிக்கின்றன. வருவதற்கு விட்டிருக்கும் ஒரே முறையான மதகு ஏடிபி தயாரிக்கும் நொதி. மதகு வழியாக இறங்கும் வேகத்தில் நொதி சுழல்கிறது, ஏடிபி உண்டாகிறது. 1961இல் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது பெரும்பாலானோர் நம்பவில்லை. அவர் பிற்பாடு கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைப் பழுதுபார்த்துச் சொந்த ஆய்வகம் வைத்துக்கொண்டு வாதாடினார். நோபல் 1978இல் வந்தது.

மிட்செலின் பார்வையில் அணை கசியக்கூடாது. உட்சவ்வுக்குக் குறுக்கே நிற்கும் மின்னழுத்தம் சுமார் 150 முதல் 180 மில்லிவோல்ட். பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஒன்றரை லட்சமாகப் பகிர்ந்தால் கிடைக்கும் அளவு. அந்தக் கனத்துக்கு அந்த அழுத்தம் என்றால், மீட்டருக்கு மூன்று கோடி வோல்ட் அளவிலான மின்புலம். டைநைட்ரோபீனால் இந்த அணையில் கசிவு உண்டாக்குகிறது. புரோட்டான்கள் மதகைத் தவிர்த்துக் கள்ளவழியில் உள்ளே வருகின்றன. ஏடிபி இல்லை, சூடு மட்டும் மிஞ்சுகிறது. உடம்பு கொழுப்பை எரித்துக்கொண்டே போகும். இளைப்பதற்கும் சாவதற்கும் காரணம் ஒன்றுதான், அளவு மட்டுமே வேறு.

இப்போது அயனிவழி என்ற சொல். 'சேனல்' என்பதைக் கால்வாய் என்றும் தடம் என்றும் எழுதுகிறார்கள். நான் வழி என்கிறேன், திறக்கவும் அடைக்கவும் முடிகிறதால். அயனி என்பது 1834இல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த கிரேக்கச் சொல்லின் ஒலியை ஒட்டியது. மூலத்துக்குப் 'போவது' என்று பொருள். வடமொழியிலிருந்து நம்மிடம் வந்த அயனமும் போவதுதான். கன்னியாகுமரிப் பக்கம் அயனி என்றால் பலா இனத்து மரம், போகாமல் நிற்பது. போகட்டும்.

கசியக்கூடாத சுவரில் வழிகள் இருக்கலாமா என்பது கோட்பாட்டளவில் ஒரு சங்கடம். 1976இல் பாராமீசியத்தின் இழைமணி வெளிச்சவ்விலிருந்து ஒரு வழியைப் பிரித்துக் காட்டியதில் சிக்கல் ஏதும் எழவில்லை, வெளிச்சவ்வுதானே. உட்சவ்வில் நேரடியாக மின்னோட்டத்தை அளந்தது 1987இல். கூப்ரிசோன் என்ற வேதிப்பொருளைத் தின்னக் கொடுத்தால் சுண்டெலிக் கல்லீரலில் இழைமணிகள் ராட்சச அளவுக்கு வீங்கும். வெளிச்சவ்வை உடைத்து நீக்கி, உள்ளிருப்பதன்மேல் கண்ணாடி நுண்குழாயை ஒட்டி அளந்தார்கள். ஒரு வழி திறப்பதும் மூடுவதும் மின்னோட்டத்தில் படிப்படியாகத் தெரிந்தது. 1991இல் எலிக் கல்லீரல் இழைமணியில் ஜப்பானியக் குழு ஒன்று பொட்டாசியம் வழியைக் கண்டதாக அறிவித்தது. ஏடிபி இருந்தால் மூடிக்கொள்ளும் வழி. கிளைபென்கிளமைடு அதை அடைத்தது. கிளைபென்கிளமைடு வேறொன்றுமில்லை, டயோனில் என்ற பெயரில் நம் வீடுகளில் புழங்கிய சர்க்கரை மாத்திரை.

கவனியுங்கள்: ஒரு வழியின் அடையாளம், அதை எது அடைக்கிறது என்பதால் சொல்லப்படுகிறது. பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் முளை இங்கே இருக்கிறது.

கதை இங்கிருந்து இதயத்துக்குப் போகிறது. 1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் என்ற மூவர் நாய்களின் இதயத்தில் ஒரு சோதனை செய்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை 5 நிமிஷம் அடைத்து 5 நிமிஷம் திறப்பது, இப்படி நான்கு தடவை. அதற்குப்பிறகு 40 நிமிஷம் ஒரேயடியாக அடைப்பது. சும்மா 40 நிமிஷம் அடைத்த நாய்களோடு ஒப்பிட்டால், முன்னால் சின்னச்சின்ன அடைப்புகளை அனுபவித்த இதயத்தில் செத்த தசையின் அளவு நான்கில் ஒரு பங்குதான். 40 நிமிஷத்துக்குப் பதில் மூன்று மணிநேரம் அடைத்தபோது வித்தியாசம் காணாமல் போயிற்று. சிறு துன்பம் பெருந்துன்பத்துக்கு உடம்பைத் தயார் செய்கிறது என்று இதை நீதிக்கதையாக்கிச் சொல்ல ஆசை வரும். வேண்டாம். கேள்வி எளிமையானது: அந்த இருபது நிமிஷ அடைப்பில் செல்லுக்குள் எது மாறியது?

1992இல் கிளைபென்கிளமைடு கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு நாய்களில் இல்லாமல் போகிறது என்று தெரிந்தது. ஆகவே ஏடிபிக்குக் கட்டுப்பட்ட பொட்டாசியம் வழிதான் காரணம். எந்த வழி? இதயச் செல்லின் வெளித்தோலில் அப்படி ஒன்று இருப்பது 1983 முதலே தெரியும். ஆனால் அதுதான் காரணமென்றால் இதயத்தின் மின்துடிப்பு சுருங்க வேண்டும்; துடிப்பு சுருங்காமலேயே பாதுகாப்பு கிடைக்கும் சோதனைகள் வந்தன. அப்போது நுழைந்தது டயசாக்சைடு. 1960களிலிருந்து ரத்தக்கொதிப்புக்கும், இன்சுலின் அதிகமாகச் சுரப்பவர்களுக்குச் சர்க்கரையை ஏற்றவும் கொடுத்துவந்த பழைய மருந்து. இதயச் செல்லின் தோலில் உள்ள வழியைத் திறக்கத் தேவைப்படுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு செறிவே இழைமணி வழியைத் திறக்கப் போதும் என்று கீத் கார்லிட் குழு 1996இல் சொன்னது. 1997இல் அதே மருந்து எலி இதயத்தைக் காக்கிறது என்று காட்டினார்கள். இன்னொரு பக்கம், 5-ஹைட்ராக்சிடெகனோயேட் என்றொரு பொருள். இதைச் சேர்த்தால் டயசாக்சைடின் பாதுகாப்பு போய்விடுகிறது. திறப்பானும் கிடைத்தது, அடைப்பானும் கிடைத்தது.

இதன்பின் நடந்ததை நம் பரிபாஷையில் சொல்வதானால், குறிப்பான்கள் மட்டும் புழங்கும் ஒரு சந்தை உருவானது. ஒரு பொருளைக் கொடுத்தால் இதயம் பிழைக்கிறது, ஐந்து-ஹைட்ராக்சியைச் சேர்த்தால் பிழைக்கவில்லை. ஆகவே அந்தப் பொருள் இழைமணிப் பொட்டாசியம் வழியின் மூலம் செயல்படுகிறது. இந்த வாக்கியத்தின் எழுவாயை மட்டும் மாற்றி மாற்றி ஏராளமான கட்டுரைகள் வந்தன. அந்த வழியாகிய புரதத்தை யாரும் கையில் பிடித்ததில்லை. அதன் மரபணு தெரியாது. வழி என்பதன் பொருளே 'ஐந்து-ஹைட்ராக்சி அடைப்பது' என்று ஆகிவிட்டது. டயசாக்சைடு திறக்கிறது என்பதற்குச் சான்று ஐந்து-ஹைட்ராக்சி, ஐந்து-ஹைட்ராக்சி அடைக்கிறது என்பதற்குச் சான்று டயசாக்சைடு. உத்தரத்துக்குத் தூண் சாட்சி, தூணுக்கு உத்தரம் சாட்சி.

ஆய்வகத்தில் ஒரு ஹார்மோன் எப்படிச் சோதனைகளின், பதிவுகளின் வலைக்குள்ளிருந்து 'உண்மைப் பொருளாக' வெளிவருகிறது என்று லத்தூரும் வூல்கரும் 1979இல் எழுதிய புத்தகத்தைப் படித்தவர்களுக்கு இந்த இடம் வாயில் நீர் ஊறவைக்கும். எனக்கும் ஊறியது. அறிவியல் தன் பொருளைத் தானே கட்டமைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? கட்டுரை பாதி எழுதியும் விட்டேன்.

ஆனால் அந்தச் சந்தைக்குள்ளேயே சந்தேகக்காரர்கள் இருந்தார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. டயசாக்சைடு சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் என்ற இழைமணி நொதியைத் தடுக்கிறது என்பது 1969இலேயே வெளியான விஷயம். அதாவது எந்தப் பொட்டாசியம் வழியும் இல்லாமலேயே இழைமணியின் போக்கை அது மாற்றக்கூடும். ஐந்து-ஹைட்ராக்சியின் கதை இன்னும் வேடிக்கை. அதன் வேதியியல் வடிவத்தைப் பார்த்தால் பத்துக் கரிம அணு கொண்ட கொழுப்பு அமிலம். இழைமணி கொழுப்பு அமிலத்தைக் கண்டால் எரிக்கப் பார்க்கும். அதுவும் கொழுப்பு அமிலம் போலவே எரிபொருளாக மாற்றப்படுகிறது என்று 2002இல் ஒரு குழு காட்டியது. அடைப்பான் என்று வைத்த பொருள் அடுப்பில் விறகாகவும் போய்க்கொண்டிருந்தது என்று ஆகிறது. அடைத்ததால் இதயம் செத்ததா, எரிந்த விதத்தால் செத்ததா?

இந்தச் சந்தேகங்களை எழுப்பியது கோட்பாட்டாளர்கள் அல்ல. எலி இதயத்தைக் கையில் வைத்திருந்தவர்கள். ஒன்றை வேறொன்றின்மேல் செயல்படுத்தும் கருவியாக நாம் பயன்படுத்த முடிகிறபோதுதான் அதன் இருப்பை நம்புகிறோம் என்று 1983இல் இயன் ஹேக்கிங் வாதிட்டார். இங்கே கருவியாக எடுத்தவையே அழுக்காக இருந்தன. அழுக்கைக் கழுவுவதற்கு ஒரே வழி, மருந்தை விட்டுவிட்டு மரபணுவைப் பிடிப்பது. 2012இல் ஒரு புரதத்தைச் சொன்னார்கள், எல்லாரும் ஒப்பவில்லை. 2019இல் இத்தாலியின் பதுவா நகரக் குழு, இரண்டு புரதங்கள் சேர்ந்து இந்த வழியாகின்றன என்று அறிவித்தது. மிடோக், மிடோசர் என்று பெயர். செயற்கைச் சவ்வில் அவற்றைப் பதித்தபோது, ஏடிபிக்கும் இந்த மருந்துகளுக்கும் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளும் பொட்டாசியம் வழி உருவானது. அந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் டயசாக்சைடு கொடுத்தாலும் இதயம் பாதுகாக்கப்படவில்லை.

என் பாதிக் கட்டுரை அங்கே நின்றது. சான்றுகள் வட்டமடித்தன என்பது சரி. கருவிகள் அழுக்கு என்பதும் சரி. ஆனாலும் வட்டத்துக்கு நடுவில் ஏதோ இருந்திருக்கிறது போலிருக்கிறது. கட்டமைக்கப்பட்டது என்று நிரூபித்துவிட்டால் இல்லை என்று ஆகிவிடாது. இதை நம் நண்பர்களில் சிலர் கேட்டால் "சரி, மறுபடியும் அனுபவவாதத்துக்குத் திரும்பிட்டீங்களா" என்பார்கள். இன்னொரு கதையையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

மாரடைப்பு என்ற நம் சொல் அடைப்பைத்தான் சொல்கிறது. அடைப்பை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ரத்தம் திரும்பப் பாயும்போது வருகிற சேதத்துக்கு நம்மிடம் சொல் இல்லை. மீள்பாய்வுச் சேதம் என்று ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பட்டினி கிடந்த செல்லுக்குத் திடீரென்று ஆக்சிஜன் வருகிறது. கால்சியம் இழைமணிக்குள் வெள்ளமாகப் புகுகிறது. முதல் சில நிமிஷங்களில் உட்சவ்வில் ஒரு பெருந்துளை திறந்துகொள்கிறது. 1500 டால்டன் எடைவரை உள்ள எதுவும் அதில் நுழைந்துவிடலாம். அணை உடைந்த மாதிரிதான். நீர் உள்ளே பாய்ந்து இழைமணி வீங்குகிறது, மின்னழுத்தம் விழுகிறது, வெளிச்சவ்வு கிழிகிறது, செல் சாகிறது. இந்தப் பெருந்துளையை மாட்டு இதய இழைமணியில் விரிவாக விவரித்தவர்கள் விஸ்கான்சினில் இருந்த ஹன்டரும் ஹாவர்த்தும், 1979இல்.

இதை அடைக்கும் மருந்து வந்த வழி விசித்திரமானது. நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமி மண்ணிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சையில் ஸ்விஸ் கம்பெனியான சாண்டோஸ் சைக்ளோஸ்போரினைக் கண்டெடுத்தது. 1980களில் உறுப்பு மாற்று சிகிச்சையையே சாத்தியமாக்கிய மருந்து அது. அன்னியமான சிறுநீரகத்தை உடம்பு 'பிறன்' என்று அடையாளம் கண்டு தாக்காமல் தடுப்பது அதன் வேலை. அந்த மருந்து இழைமணியின் பெருந்துளையை அடைக்கிறது என்று 1988இல் மார்ட்டின் கிராம்ப்டன் குழு காட்டியது. லின் மார்குலிஸ் 1967இல் வாதிட்டபடி, இழைமணியே ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா, வேறொரு செல்லுக்குள் வந்து தங்கிவிட்ட பிறன். பிறனைச் சகித்துக்கொள்ள வைக்கும் மருந்து பிறனின் சுவரையும் காப்பாற்றுகிறது என்று இங்கே ஒரு பத்தி ஜோடித்துவிடலாம். இரண்டு வேலையும் வெவ்வேறு புரதங்களின் வழியாக நடப்பவை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. இந்த மாதிரி ஒப்புமைகள்தான் நம்மைக் கெடுத்தன.

சைக்ளோஸ்போரின் ஒட்டுவது துளையின் மேல் அல்ல, துளையைத் திறக்கத் தூண்டும் சைக்ளோபிலின் டி என்ற புரதத்தின் மேல். 2005இல் அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் இதயச் சேதம் குறைந்தது. முந்தைய கதையில் வருஷக்கணக்காகக் காத்திருந்த மரபணுச் சான்று இங்கே சீக்கிரமே கிடைத்துவிட்டது. துளை மட்டும் யார் என்று தெரியவில்லை. ஏடிபியைக் கைமாற்றும் புரதம்தான் துளை என்றார்கள்; 2004இல் அது இல்லாத கல்லீரல் இழைமணியிலும் துளை திறந்தது. வெளிச்சவ்வு வழியும் சேர்ந்தது என்றார்கள். 2007இல் அதுவும் இல்லாமல் திறந்தது. 2013இல் மதகாகிய ஏடிபி நொதியே உருமாறித் துளையாகிறது என்றார்கள். இது மனதைக் கவர்ந்த கருத்து, உயிர்கொடுக்கும் கதவே சாவுக்கதவு என்று. அந்த நொதியின் அமைப்பை விளக்கி 1997இல் நோபல் வாங்கிய ஜான் வாக்கரின் குழு, நொதியின் முக்கியமான பகுதி இல்லாத மனிதச் செல்களிலும் துளை திறக்கிறது என்று 2017இல் மறுத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது.

யாரென்று தெரியாத துளைக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை. 2008இல் பிரான்சில் 58 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தார்கள். தமனியைத் திறப்பதற்குச் சற்று முன்னால் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வீதம் ஒரே ஊசி. தசைச் சேதத்தைக் காட்டும் ஒரு நொதியின் அளவு சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. இன்னொரு குறியீடான ட்ரோபோனினில் தெளிவான வித்தியாசம் இல்லை என்பதைப் பலர் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய சோதனை வந்தது 2015இல். 970 பேர், இதயத்தின் முன்சுவரில் தாக்கு, வலி தொடங்கி 12 மணிநேரத்துக்குள் வந்தவர்கள். ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள்: மரணம், இதயச் செயலிழப்பு மோசமாதல், அதற்காக மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்தல், இதய அறை விரிந்துபோதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 59.0 சதவீதம், பெறாதவர்களில் 58.1 சதவீதம். 2016இல் இத்தாலியில் 410 பேரிடம் நடந்த சோதனையிலும் பலன் இல்லை.

ஏன் என்பதற்குப் பல காரணம் சொன்னார்கள். 2015இல் மருந்தைக் கரைத்துக் கொடுத்த கொழுப்புக் கலவை 2008இல் கொடுத்ததிலிருந்து வேறு. ரத்தம் உறையாமலிருக்க இப்போது கொடுக்கும் மாத்திரைகளே கொஞ்சம் பாதுகாப்புத் தருகின்றன, அதற்குமேல் கூட்ட இடமில்லை. இளம் எலியின் ஆரோக்கியமான இதயம் வேறு. சர்க்கரை, கொதிப்பு, கொழுப்பு, பத்துவிதமான மாத்திரை என்று வரும் அறுபது வயதுக்காரரின் இதயம் வேறு. எனக்குக் கடைசிக் காரணம் கனமானதாகத் தோன்றுகிறது. ஆய்வகம் எலியிலிருந்து வயதை, வறுமையை, பழைய வியாதிகளைக் கழித்துவிட்டுத்தான் 'இதயம்' என்ற ஒன்றை எடுக்கிறது. கழித்ததெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியோடு சேர்ந்து திரும்ப வந்துவிடுகிறது. இதை விமர்சனம் என்று சொல்லலாம். ஆனால் இந்த விமர்சனத்தைச் சாத்தியமாக்கியது அந்த 59.0, 58.1 என்ற இரண்டு எண்கள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி மருந்தையும் வெறும் கலவையையும் பிரித்துக் கொடுத்து, யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாமல் வைத்து, ஒரு வருஷம் காத்திருந்து, தோற்றதை அச்சிட்டிருக்கிறார்கள். மருந்துக் கம்பெனிகளின் அதிகாரம் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் இந்த நடைமுறைக்கு ஒரு வரி கிடைப்பதில்லை. அந்த நடைமுறை இல்லாமல் போயிருந்தால், 58 பேரிடம் கண்ட நல்ல சேதியை வைத்துக்கொண்டு உலகமெங்கும் இன்னும் ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள். 1933இன் மஞ்சள் பொடிக்கு இல்லாமல் போனது அதுதான்.

மஞ்சள் பொடியைப் பற்றி ஒரு மிச்சம் இருக்கிறது. அது எந்தப் புரதத்தின் துணையும் இல்லாமல், தானே சவ்வின் கொழுப்பில் கரைந்து புரோட்டானைச் சுமந்து கடக்கிறது என்பது மிட்செல் காலத்திலிருந்து பாடப்புத்தகத்தில் இருப்பது. துளையில்லாத கசிவுக்கு அதுதான் மாதிரி உதாரணம். 2022இல் இழைமணி உட்சவ்வின் மின்னோட்டத்தை நேரடியாக அளந்த ஒரு குழு, இந்த வகைப் பொருள்கள் பெருமளவுக்கு ஏடிபியைக் கைமாற்றும் புரதத்தின் மூலமாகவே கசிவை உண்டாக்குகின்றன என்று எழுதியது. ஆக, துளை என்று நினைத்த இடத்தில் யாரென்று தெரியவில்லை, துளையே இல்லை என்று நினைத்த இடத்தில் ஒரு புரதம் நிற்கிறது. பாடப்புத்தகம் எப்போது மாறும் என்று தெரியாது. ஒரு மார்க் கேள்வி மாறாது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் நிகோராண்டில் என்ற மாத்திரை. நெஞ்சுவலிக்காக அப்பாவுக்கு எழுதிக்கொடுத்தார்கள். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. ஒரு மூலக்கூறுக்குள் இரண்டு மருந்து அது: ஒரு பாதி நைட்ரேட், ரத்தக்குழாயை விரிப்பது, மறுபாதி பொட்டாசியம் வழியைத் திறப்பது. தோலில் உள்ள வழியையா, இழைமணி வழியையா, இரண்டையுமா என்பது மேலே சொன்ன வழக்கின் ஒரு கிளை. பிரிட்டனில் நெஞ்சுவலிக்காரர்கள் 5126 பேரிடம் நடத்தி 2002இல் வெளியான சோதனையில், இதய மரணம், மாரடைப்பு, நெஞ்சுவலிக்காக எதிர்பாராமல் ஆஸ்பத்திரியில் சேர்தல் என்ற மூன்றில் ஒன்று நேர்ந்தவர்கள் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 15.5 சதவீதம், நிகோராண்டில் சாப்பிட்டவர்களில் 13.1 சதவீதம். நூறு பேருக்கு இரண்டு சொச்சம் பேர். மாரடைப்பு வந்த உடனே ஊசியாகக் கொடுத்து ஜப்பானில் பார்த்த சோதனை 2007இல் வெளியானது, அதில் தசைச் சேதம் குறையவில்லை.

அப்பாவுக்கு நெஞ்சுவலி குறைந்தது. எட்டாவது மாதம் நாக்கின் ஓரத்தில் புண் வந்தது. வெற்றிலையை விட்டார், காரத்தை விட்டார், ஆறவில்லை. பல்லைக் காரணம் சொன்னார்கள். மாத்திரை அட்டையோடு வந்த பொடி எழுத்துத் தாளை ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோது வாய்ப்புண் என்று இருந்தது. இந்த மருந்தால் புண் வரலாம், நிறுத்தாமல் ஆறாது என்று. டாக்டரிடம் தாளைக் காட்டினேன். "ஆமா, இது அபூர்வம், நிறுத்திப் பாக்கலாம்" என்று வேறு மாத்திரை எழுதினார். ஒரு மாசத்துக்குள் ஆறிவிட்டது. அப்பா மறுபடி வெற்றிலை போடத் தொடங்கினார், அதை விடச்சொல்லித்தான் இப்போது வீட்டில் சண்டை.